செவிலிப் பயிராக ஓட்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். நம்மில் பலர் கஞ்சிக்கான தானியமாக மட்டுமே அறிந்த ஓட்ஸ், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அழிந்துபோன புல்வெளியை மீட்பதற்காகவும் விதைக்கப்படுகிறது. இந்த மீட்புப் பணியில் அதை அறுவடைக்காக யாரும் வளர்ப்பதில்லை என்பதுதான் விந்தை.

ஆளுயரப் புற்கள் நிறைந்த 'பிரெய்ரி' ஒரு காலத்தில் அயோவாவின் பெரும்பகுதியை மூடியிருந்தது. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த நிலத்தில் அதன் நாட்டுச் செடிகளை மீண்டும் விதைப்பவர்களுக்கு முதல் சோதனை காத்திருப்பதுதான். பிக் புளூஸ்டெம் என்னும் புல் இரண்டு மீட்டருக்கும் கீழே வேர்விடக் கூடியது; ஆனால் தொடக்க ஆண்டுகளில் அது தன் வலிமையை வேருக்கே செலவிடுவதால், மேலே சில மெல்லிய இலைகளைத் தவிர எதுவும் தெரியாது. அதற்குள் மழை வெற்று மண்ணை அரித்துவிடும், களைகள் இடம்பிடித்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பும் செவிலித்தாய்தான் ஓட்ஸ். வசந்தத்தில் விதைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்து, சல்லிவேர்களால் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 'ரை' என்னும் தானியமோ அயோவாவின் குளிர்காலத்தையும் தாங்கி மறுவசந்தத்தில் மீண்டும் தழைத்து நாட்டு நாற்றுகளோடு போட்டியிடும். ஓட்ஸ் கடும் உறைபனியில் மடிந்துவிடும். அதனால்தான் நான் ஓட்ஸின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் அளவு மீறக் கூடாது. ஏக்கருக்கு ஒரு புஷல், அதாவது 32 பவுண்டு, ஏறத்தாழ 14.5 கிலோ போதும். தானியத்துக்காக விதைப்பவர்கள் இதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு இடுவார்கள். எள்ளைவிடச் சிறிய காட்டுப்பூ விதைகளுக்கு அருகில் கொழுத்த ஓட்ஸ் மணிகளைக் கையில் வைத்திருப்பவருக்கு, இன்னும் ஒரு கை வீசினால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். அப்படி நெருக்கமாக விதைத்த பாத்தியில் தாள்களை விலக்கிப் பார்த்தால், அடியில் நாற்றுகள் வெயில் காணாமல் வெளிறி, நூலாய் நீண்டு கிடக்கும்.

கதிர் பால்பிடித்து முற்றுவதற்கு முன்பே ஓட்ஸை வெட்டிவிட வேண்டும். இல்லையேல் மணி உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெட்டும் கத்தியைத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், கீழே ஒளிந்திருக்கும் நாற்றுகளின் குருத்து தப்பும். வெட்டிய தாள் கனத்துப் படிந்திருந்தால், அதை அன்றே வாரி அகற்றிவிடுவது நல்லது.