அம்பை நொந்த அறுபத்தேழு ஆண்டுகள்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு தேசமே அறுபத்தேழு ஆண்டுகள் அம்பை நொந்துகொண்டிருந்த கதையை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் விமானப்படையில் ‘பாம்பர் கமாண்ட்’ என்றொரு பிரிவு இருந்தது. இரண்டாம் உலகப்போரில் இரவுதோறும் ஜெர்மனிக்குப் பறந்து குண்டு வீசியவர்கள் அவர்கள்தான். 1936இல் தொடங்கிய அந்தப் பிரிவு 1968இல் கலைக்கப்பட்டு வேறொரு பிரிவில் கரைந்தது. அது வெறும் நிர்வாகக் காரியம். அந்தப் பெயரைச் சுற்றி எழுந்த சர்ச்சை மட்டும் தீரவில்லை.

ஏறக்குறைய 1,25,000 பேர் பறந்தார்கள். 55,573 பேர் மாண்டார்கள். அத்தனை பேரும் விரும்பி வந்தவர்கள். சராசரி வயது இருபத்திரண்டை ஒட்டியது, படிப்பு முடித்து வேலை தேடும் நம் வீட்டுப் பிள்ளைகளின் வயது. முப்பது முறை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்து ஓய்வு கிடைக்கும். முப்பதை எண்ணி முடிக்காமலே போனவர்கள் ஆயிரமாயிரம்.

கீழே இருந்தவர்களை மறைத்துவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரமே தீச்சூறாவளியில் எரிந்தது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். குழந்தைகள், கிழவிகள், அகதிகள். இலக்கு தவறி விழுந்த குண்டுகள் என்று சமாதானம் சொல்ல முடியாது. நகரங்களையே இலக்காக வைத்தது அரசின் கொள்கை.

இங்கேதான் அரசியல் தன் வேலையைக் காட்டியது. அந்தக் கொள்கைக்குத் துணைநின்ற சர்ச்சில், டிரெஸ்டன் எரிந்த அடுத்த மாதமே, அச்சுறுத்துவதற்காக நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதினார். போர் முடிந்தபின் பறந்தவர்களுக்கென்று தனிப் பதக்கம் இல்லை. 2013இல்தான் பழைய பொதுப் பதக்கத்தின் நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சிறு பட்டை கிடைத்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிரிவின் போர்க்காலத் தளபதி ஹாரிஸுக்கு 1992இலேயே லண்டனில் சிலை எழுந்தது! திறப்பு விழாவில் கூச்சல். பிறகு சிவப்புச் சாயம் பூசினார்கள்.

இது வெள்ளைக்காரர்கள் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? அந்தப் பிரிவின் 35ஆம் அணிக்குப் பெயர் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’. 102ஆம் அணி ‘சிலோன்’. போர் நிதி கொடுத்த ஊர்களின் பெயரை அணிகளுக்குச் சூட்டிய காலம் அது. ஆகவே அந்த வானத்தில் நம் ஊர்ப் பெயரும் பறந்திருக்கிறது.

போர் முடிந்து அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 28 அன்று, லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கு நினைவிடம் திறக்கப்பட்டது. பறந்து திரும்பிய கோலத்தில் ஏழு வெண்கல உருவங்கள். எனக்கு அவற்றைவிட மேற்கூரைதான் பெரிதாகப் படுகிறது. 1944 மே மாதம் பெல்ஜியத்தில் அந்தப் பிரிவின் ஹாலிபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று சுடப்பட்டுச் சதுப்பில் புதைந்தது. 1997இல் தோண்டியபோது மூன்று வீரர்களின் எச்சங்கள் உள்ளேயே இருந்தன. அந்த விமானத்தின் அலுமினியத்தை அந்தக் கூரைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீழ்ந்த இடத்திலேயே கல் நட்டவர்கள் நாம்; வீழ்ந்த விமானத்தையே கூரையாக்கியதன் பொருள் நமக்குப் புரியும். அதே நினைவிடத்தில், குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வரி ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பொறிக்க ஒரு மனம் வேண்டும்.

டிரெஸ்டனில் இடிந்த பிரவுன்கிர்ஷே தேவாலயத்தைப் பின்னாளில் திரும்பக் கட்டினார்கள். அதன் உச்சிக்கான பொற்சிலுவை பிரிட்டனிலிருந்து பரிசாகப் போனது. அதைச் செய்த லண்டன் கைவினைஞரின் தந்தை, 1945இல் அந்த நகரத்தின்மேல் பறந்த விமானிகளில் ஒருவர்.