நிறைந்த வலையை நம்பிய பெரு

நண்பர்களே, பெரு நாட்டுக் கடலில் அஞ்சோவெட்டா என்றொரு சின்ன மீன் உண்டு. நம் நெத்திலிக்கு உறவு. ஹம்போல்ட் நீரோட்டத்தில் அடியாழத்துக் குளிர்ந்த நீர் மேலே வர, அதில் பெருகும் மிதவை உயிரிகளைத் தின்று வளர்வது. 1955இல் இதை ஒரு லட்சம் டன்கூடப் பிடிக்கவில்லை. அப்புறம் கோழித் தீவனத்துக்காக மீன்தூளுக்குக் கிராக்கி ஏறியது. 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 1973இல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை.

இடையில் வந்தது 1972இன் எல் நினோ; அதாவது, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு. ‘இயற்கை செய்ததற்கு மனிதன் என்ன செய்வான்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். 1957-58இலும் எல் நினோ வந்தது. கடற்பறவைகள் லட்சக்கணக்கில் செத்தன. ஆனாலும் மீன் மீண்டது. அன்று வலைகள் குறைவு.

1972இல் வெதுவெதுப்பான நீர் பரவியதும், கரையோரம் குளிர்ச்சி மிஞ்சியிருந்த குறுகிய பட்டையில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டன. அள்ள அள்ள வந்தது. வலை கனத்ததைப் பார்த்தவர்களுக்குக் கடல் கொழிப்பதாகத்தான் தோன்றியது. அந்த வலையில் இளம் மீன் எத்தனை என்று பார்த்திருக்க வேண்டும். மிகக் குறைவு. அந்த ஆண்டு புதுத் தலைமுறை சேரவில்லை. அடுத்து முட்டையிட வேண்டிய தாய்மீன்களைத்தான் அவர்கள் வாரிக்கொண்டிருந்தார்கள்.

பல வயது மீன்கள் கலந்திருந்தால் ஓராண்டு முட்டை பொய்த்தாலும் கூட்டம் தாங்கும். மூத்தவை விதைநெல் போல. தொடர்ந்து பிடித்தால் முதலில் குறைவது அவைதான். மிஞ்சும் கூட்டம் அந்தந்த ஆண்டின் குஞ்சுகளையே நம்பி, தட்பவெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கலிஃபோர்னியக் கடலில் அரை நூற்றாண்டு லார்வாக்களை, அதாவது முட்டையிலிருந்து வந்த இளங்குஞ்சுகளை, எண்ணிப் பார்த்ததில், பிடிக்கப்படும் இனங்கள்தான் மற்றவற்றைவிட அதிகம் ஏறி இறங்கின.

ஆகவே, சராசரி ஆண்டைக் கணக்கில் வைத்து ‘இவ்வளவு பிடிக்கலாம்’ என்று எழுதிவைப்பது ஆபத்து. கெட்ட ஆண்டில் அதே அளவு கூட்டத்தின் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

பெரு இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2023இல் மறுபடி கடல் சூடேறி, சோதனை வலைகளில் குஞ்சுகளே மிகுதியாக வந்ததும், அவை வளரட்டும் என்று அந்த ஆண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே ரத்து செய்தது. 2024இன் முதல் பருவத்துக்கு 24.75 லட்சம் டன் அனுமதிக்க முடிந்தது. சரி, மூடிய நாட்களில் படகுக் கூலிகளின் அடுப்பு எப்படி எரியும்? அதற்கான பணத்தை மீன்தூள் லாபத்திலிருந்துதான் ஒதுக்க வேண்டும் என்பேன்.