மீன் இரத்தத்தில் வால் நட்சத்திரமா? மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே நடக்கிற கதை!

(காட்சி: நானுஓயா பக்கம், லீக்ஸ் பாத்திகளுக்குக் கீழே ஓடும் ஓடை)

வணக்கம் உறவுகளே! இந்த ஓடையில் மீன் செத்து மிதந்தால் ஊரே கூடும். சாகாத மீனை யார் பார்க்கிறார்கள்? அதன் ஒரு சொட்டு இரத்தம்தான் இன்றைய கதாநாயகன்.

பின்னணி ஒரே மூச்சில்: சரிவில் கரட், கோவா, உருளைக்கிழங்கு. பூச்சிக்கு மருந்து. மழை பெய்தால் மருந்து மண்ணோடு ஓடைக்கு இறங்கும். நானுஓயா, கொத்மலை ஓயா, பிறகு மகாவலி. என் மாமா மருந்து டாங்கியைக் கழுவுவதும் இதே ஓடையில்தான். கொஞ்ச நேரம் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். சரி, விஷயத்துக்கு வருவோம்: மருந்து செய்த சேதம் சாகாத மீனின் இரத்தத்தில் எப்படித் தெரியும்?

நம் செங்குழியத்தில் கரு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மீனுக்கு அப்படியில்லை, கரு இருக்கிறது! அந்தச் செங்குழியம் ஊறுவதும் நம்மைப் போல என்புமச்சையில் அல்ல, சிறுநீரகத்தில். (எனக்கு இது தெரிந்த அன்று தூக்கமே வரவில்லை.) மருந்து கலத்துக்குள் போய் நிறமூர்த்தத்தை (கருவுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழை) உடைத்தால், கலம் பிரியும்போது உடைந்த துண்டு பெரிய கருவோடு சேராமல் பக்கத்தில் தனியாக ஒரு குட்டிக் கருவாக நிற்கும். இதுதான் நுண்கரு. சாயம் பூசி நுணுக்குக்காட்டியில் எண்ணவேண்டியதுதான், வேலை முடிந்தது.

இனி வால் நட்சத்திரம். எனக்கு மிகவும் பிடித்த இடம், லைக் போடுவதென்றால் இங்கே போடுங்கள்! கலத்தை ஜெல்லில் பதித்து, அதன் மென்சவ்வைக் கரைத்துவிட்டு, மின்சாரம் விடுகிறார்கள். டி.என்.ஏ.வுக்கு எதிர் மின்னேற்றம், அதனால் நேர்முனைப் பக்கம் இழுபடும். குளிருக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிற நூல்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் அறாமல் இருந்தால் கண்டு அப்படியே கிடக்கும். அங்கங்கே அறுந்திருந்தால் இழைகள் பிரிந்து ஒரே பக்கமாக நீளும். ஒளிரும் சாயத்தில் பார்த்தால் தலையும் வாலுமாக அச்சு அசல் வால் நட்சத்திரம். சேதம் கூடினால் வாலுக்குப் போகிற டி.என்.ஏ.யும் கூடும்.

ஒரு சிக்கலும் உண்டு. கலம் தன் டி.என்.ஏ.யைத் தானே தைத்துக்கொள்ளும், அப்போது வால் சுருங்கும். நுண்கரு அப்படிச் சீக்கிரம் மறையாது. அதனால்தான் இரண்டையும் பார்ப்பது நல்லது. கன உலோகமும் இதே சேதத்தைச் செய்யும் என்பதால், மருந்து மேல் மட்டும் பழி போடமுடியாது. தோட்டத்துக்கு மேலே, சுத்தமான தண்ணீரில் வாழும் மீனோடு ஒப்பிடவேண்டும்.

குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிமருந்து கலந்த தொட்டியில் வைத்த மீன்களில் நுண்கரு, வால் இரண்டையும் ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். பூச்சியின் நரம்பைத் தாக்கச் செய்த மருந்து, மீனின் டி.என்.ஏ.வரை போகிறது!

இதெல்லாம் சொன்னதும் மாமா கேட்டார்: "அப்ப அந்த மீனைத் தின்டா எனக்கும் வால் முளைக்குமாடா?" முளைக்காது மாமா, அறுந்த டி.என்.ஏ. வயிற்றில் செரித்துப்போகும். சதையில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதுதான் வேறு கேள்வி.

மறுநாளும் தூண்டிலோடு போனார். பாத்திகளைத் தாண்டி, இன்னும் மேலே.