பேனா உருண்டு போன இரவு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மறைந்த எழுத்தாளரின் மனதையும் கடைசி நாட்களையும் கதையாக்குவது மரியாதையா, அத்துமீறலா என்பது தலைப்பு. மரியாதைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியைப் பாத்திரமாக்கித் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் கூட்ஸி எழுதிய 1994 நாவலைக் கையில் எடுத்தார். 'அதில் தஸ்தயேவ்ஸ்கியின் வளர்ப்பு மகன் பாவெல் 1869-லேயே செத்துப் போகிறான். நிஜத்தில் அப்பாவுக்குப் பிறகும் இருந்தவன். உயிரோடிருந்தவனைக் கொல்வதா மரியாதை?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கூட்ஸி 1989-ல் சொந்த மகனைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு அவர் போய் உட்கார்ந்த இடம் தஸ்தயேவ்ஸ்கியின் பக்கத்தில் என்றுதான் நான் படிக்கிறேன். தஸ்தயேவ்ஸ்கியும் அதைத்தானே செய்தார்? 1878-ல் மூன்று வயது நிரம்பாத மகன் அல்யோஷாவைப் புதைத்துவிட்டு வந்து, 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலின் கடைசித் தம்பிக்கு அந்தப் பெயரை வைத்தார்.

அப்புறம், 1881 ஜனவரி. தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னா எழுதியிருக்கிறார்: இரவு வேலையில் பேனா உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அதை எடுக்கக் கனமான அலமாரியை நகர்த்தினார். வாயில் ரத்தம் வந்தது. சில நாட்களில் உயிர் போனது. குறிப்பு இவ்வளவுதான். மூச்சுப் பிடித்து அதைத் தள்ளிய மனிதரின் நெஞ்சில் அந்த நேரம் என்ன ஓடியது? எழுத வேண்டிய அடுத்த வரியா, பிள்ளைகளின் முகமா? அங்கே நுழையக் கதை எழுதுகிறவரால்தான் முடியும்.

நுழைந்தவர் லியோனித் சிப்கின், மாஸ்கோ மருத்துவர், யூதர். யூதர்களைப் பற்றித் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய வெறுப்பு வரிகள் அவருக்குத் தெரியும். இருந்தும் இவர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்ற கேள்வி 'பாடன் பாடனில் கோடைக்காலம்' என்ற தன் நாவல் முழுக்க அவரை வதைக்கிறது. அந்தக் கேள்வியோடுதான் மரணப் படுக்கை வரை கூடவே போகிறார். சொந்த நாட்டில் அச்சேற வழியில்லை என்று தெரிந்தே எழுதினார். கையெழுத்துப் பிரதி ரகசியமாக வெளிநாடு போய், 1982 மார்ச்சில் நியூயார்க்கின் ரஷ்ய வார இதழில் தொடராக வரத் தொடங்கியது. ஒரே வாரம். தன் 56-வது பிறந்தநாளில் சிப்கின் இறந்துபோனார்.

அவரை அத்துமீறியவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நடுவர் அவர்களே.