கொடுமணலில் கல்வட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு

நண்பர்களே, ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். அங்கே போனால், வண்டியை விட்டு இறங்கியதும் கல்வட்டத்தை, அதாவது பழங்காலக் கல்லறையைச் சுற்றி வைத்த கற்களின் வட்டத்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் பழைய வாழ்விடம் இருந்த உழவுக்காட்டுக்குள் கொஞ்சம் நடங்கள். நான் நடந்தபோது உழவுச்சாலில் வெள்ளையாக ஒன்று மினுங்கியது. குனிந்து எடுத்தேன். நகத்தளவு பளிங்குச் சில்லு, ஓரம் கத்தி போல இருந்தது. பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த தடயங்கள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று பாடியது இந்த ஊரைத்தான் என்கிறார்கள் அறிஞர்கள். வேலைப்பாட்டுக்குப் பேர்போன ஊர், அவ்வளவுதான் நினைவில் வையுங்கள்.

சரி, இப்போது ஈமக்காட்டுக்கு வாருங்கள். பெரிய உருண்டைப் பாறைகள் வட்டமாக நிற்கும், நடுவில் கற்குவியல். அதற்கடியில்தான் கல்லறை. நான்கு கற்பலகைகளை, ஒன்றன் ஓரம் அடுத்ததைத் தாண்டி நீளும்படி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மண் எவ்வளவு நெருக்கினாலும் பலகை உள்ளே சாயாது. ஒரு பலகையில் துளை போட்டிருப்பார்கள். இடுதுளை என்று பெயர். அவ்வளவு கனமான பலகையை உடையாமல் துளைத்த கைகளை நினைத்துக்கொண்டு அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இங்குள்ள ஒரு கல்லறையில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த 2,000-க்கும் மேற்பட்ட மணிகள் இருந்தன. இன்னொன்றில் கல் பதித்த வெண்கலப் புலி. சூதுபவளம் இந்த மண்ணில் விளைகிற கல் அல்ல, தொலைதூரத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு மணியும் விலைபோகும் சரக்கு என்று தெரிந்த ஊர்க்காரர்கள்தான், செத்தவரோடு அத்தனையையும் புதைத்திருக்கிறார்கள். பட்டறை இருந்த மண்ணை மிதித்துவிட்டு வந்ததால்தான் அது எனக்கு உறைத்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “பெரியவங்களைப் பொதைச்ச எடமுங்க, நாங்க அந்தக் கல்லு மேல உட்கார மாட்டோமுங்க” என்றார். அப்புறம் பக்கத்து வரப்பைக் காட்டினார். நான்கு உருண்டைக் கற்கள் ஒதுக்கிப் போட்டிருந்தன. திரும்பி வட்டத்தைப் பார்த்தேன். தெற்கே நான்கு கல்லுக்கான இடம் காலியாக இருந்தது.