காவலைக் குத்தகைக்கு விடலாமா?

(மதுரையில் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

குப்பை அள்ளுவதைக் குத்தகைக்கு விட்டாயிற்று, ராத்திரி ரோந்தையும் விட்டால் என்ன என்று நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு வருகிறது. கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. பைக்கில் வந்தவன் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போகிறான். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்க நாலு நடை நடக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்தாவது காவல் கிடைக்காதா என்று அந்த வீட்டுக்காரருக்குத் தோன்றத்தான் செய்யும். அந்த ஆதங்கத்தை மதித்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் அரசியலமைப்பில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 74வது திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாவது அட்டவணை நகராட்சிகளுக்கென்று 18 வேலைகளைச் சொல்கிறது. தெருவிளக்கு, சுடுகாடு, மாட்டுப் பட்டி எல்லாம் அதில் உண்டு; போலீஸ் இல்லை. மதுரை மாநகராட்சியின் நூறு கவுன்சிலர்களும் சேர்ந்து கையைத் தூக்கினாலும் ஒரு கான்ஸ்டபிளை இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்ற முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நகரத்துக்கு நகரம் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பக்கத்துப் பெரிய படையிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதை ஒரு முறையாகவே நிலைநாட்டியது கலிபோர்னியாவின் லேக்வுட் நகரம், 1954இல். தனி நகரமாக ஆனபோதே, சொந்தமாகப் போலீஸ் வைக்காமல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) போலீஸ் படையான ஷெரிஃப் துறையோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. இன்று அந்தக் கவுண்டியில் இருக்கும் 88 நகரங்களில் 42 நகரங்களுக்கு இப்படித்தான் காவல். கவனியுங்கள், அவர்கள் தனியார் கம்பெனியிடம் கொடுக்கவில்லை. ஒரு அரசுப் படையிடமிருந்து இன்னொரு அரசு வாங்குகிறது. சிறிய ஊருக்கு இது சிக்கனம்தான், அதை மறுக்க மாட்டேன். துப்பறியும் பிரிவு, தடயவியல் எல்லாவற்றையும் ஒவ்வொரு சிற்றூரும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியுமா?

ஆனால் அதே கவுண்டியில் காம்ப்டன் என்று ஒரு நகரம். 2000இல் தன் போலீஸ் துறையைக் கலைத்துவிட்டு ஷெரிஃப்பிடம் போனது. ஒப்பந்தக் காவலில் நேரத்துக்குக் கணக்கு உண்டு, இத்தனை நிமிட ரோந்துக்கு இவ்வளவு பணம் என்று. 2020இல் காம்ப்டன் கோர்ட்டுக்குப் போனது. ரோந்தே சுற்றாத நேரத்துக்கும் சுற்றியதாக எழுதிப் பணம் வாங்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கின் சரி தவறை நான் சொல்ல வரவில்லை. காவலை நிமிடக் கணக்கில் வாங்கினால் தகராறும் நிமிடக் கணக்கில்தான் வரும். தெருவில் பயம் குறைந்ததா என்ற கேள்வி பில்லில் எங்கேயும் வராது.

இதையெல்லாம் தூரத்து ஊர்க்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் காவலைக் கூலிக்கு வைத்துப் பார்த்த அனுபவம் நம் மதுரைச் சீமைக்கே உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போலீஸ் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் இந்தப் பகுதியில் இருந்தது குடிகாவல். ஊருக்கு ஒரு காவல்காரர், களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியவில்லை என்றால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இன்றைக்கு எந்த செக்யூரிட்டி ஏஜென்சியாவது இப்படி ஒரு ஷரத்தில் கையெழுத்துப் போடுமா? அந்த ஏற்பாட்டில் பொறுப்பு இருந்தது, மானமும் இருந்தது. மதுரைக்கு மேற்கே இந்த உரிமை பெரும்பாலும் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடம் இருந்தது.

அதன் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. காவல்கூலி கொடுக்காதவன் வீட்டு மாடு காணாமல் போகும், வைக்கோல் படப்பு எரியும். போன மாட்டை மீட்கத் துப்புக்கூலி என்று தனியாகக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகள் இதை மிகைப்படுத்தித்தான் எழுதினார்கள். ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று சொல்வதற்கு அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனாலும் அந்தக் கோபம் கற்பனை இல்லை. 1896இல் திண்டுக்கல் பக்கம் கிராமத்து மக்களே காவல்கூலி கொடுக்க மாட்டோம் என்று கிளம்பினார்கள். பண்டு என்று பணம் சேர்த்து, மாடு போனவனுக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். கலவரம் வரைக்கும் போயிற்று. ஒருவர் தொழில், இன்னொருவர் பாதுகாப்பு. இரண்டையும் கூலி ஒன்றே கட்டிவைத்திருந்தது. கூலி நின்றதும் இரு பக்கமும் எதிரியாகிவிட்டார்கள்.

பிறகு அரசாங்கம் செய்ததுதான் பெரிய கொடுமை. கிழக்கிந்தியக் கம்பெனி 1816லேயே காவல் முறையைச் சட்டப்படி எடுத்துவிட்டது. 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் காவல் பார்த்தவர்களுக்கு என்ன மாற்று வழி என்று யாரும் யோசிக்கவில்லை. 1911இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் மேலேயே பாய்ச்சினார்கள். உசிலம்பட்டிப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போய் ராத்தங்க ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. நேற்றுவரை ஊருக்குக் காவல் நின்றவரை அரசாங்கம் ஒரே கையெழுத்தில் ஊருக்கு ஆகாதவராக மாற்றியது. காவலைப் பற்றி மதுரையில் யார் பேசினாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, இன்றைக்கு வருவோம். கேட்காமலே பாதிக் குத்தகை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்ககத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அளவு சேராத நீலச் சட்டை, தோளில் கயிறு, கழுத்தில் விசில். முன்னால் ஒரு நோட்டு; வருகிறவர் பெயர், வீட்டு நம்பர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பன்னிரண்டு மணி நேர வேலை. மாற்று ஆள் வரவில்லை என்றால் அடுத்த பன்னிரண்டு மணி நேரமும் அவர்தான். 2005இல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் இவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் தரச் சொல்கின்றன. நம் சங்கத்தில் யாராவது அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்திருக்கிறோமா? மாதச் சம்பளம் எவ்வளவு குறையும் என்றுதான் கேட்கிறோம்.

இவருக்குச் சட்டத்தில் என்ன அதிகாரம்? உங்களுக்கும் எனக்கும் இருப்பது மட்டும்தான். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, உடனே கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆளைச் சோதனை போடவோ, அடித்துக் கேட்கவோ அவருக்கு உரிமை இல்லை.

சம்பளமில்லாத உதவியாளர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ராமநாதபுரத்தில் 1993இல் போலீசுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பாக ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் இறந்த பிறகு அதன் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. யார் சீருடையில் இருக்கிறார், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது குழம்பினால் நல்ல நோக்கம் நிற்காது.

‘போலீஸ் மட்டும் ஒழுங்கா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்து மடப்புரம் கோயிலில் தற்காலிகக் காவலாளியாக இருந்த ஓர் இளைஞர், நகை காணோம் என்ற புகாரில் போலீஸ் விசாரணைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. குறைந்த கூலிக்குக் காவல் நின்ற பையன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது, மாவட்ட நீதிபதி விசாரித்தார், போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. போன உயிர் வராது. என்றாலும் கேட்க ஓர் இடம் இருந்தது. போலீஸ் அரசின் அங்கம் என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடிகிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத முடிகிறது. நாளைக்கு ஒரு கம்பெனி ஆள் அடித்தால் எங்கே போவீர்கள்? தகவல் கேட்டால் அவர்கள் நேரடியாகப் பதில் தர வேண்டிய கட்டாயம் கிடையாது. ‘அந்த ஆள் எங்களுடையவர் இல்லை, சப்-கான்ட்ராக்ட்’ என்று ஒரு கடிதம் வந்தாலும் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. அண்ணா நகரும் கே.கே. நகரும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து ரோந்து வைத்துக்கொள்ளும். செல்லூரில் தறி ஓட்டுகிறவர் தெருவில் யார் வசூல் செய்வது? சந்தா கட்டிய தெருவுக்குக் காவலாக வருகிறவர், சந்தா கட்டாத தெருப் பையன் குறுக்கே நடந்தால் முதலில் அவனைத்தான் நிறுத்துவார். அவருக்கு வேலையே அதுதான் என்று ஆகிவிடும். அப்புறம் அந்தப் பையனின் வீட்டில் திருட்டுப் போனால் யார் வருவார்கள்?

அதனால் குத்தகைப் பேச்சை விட்டுவிட்டு, நாம் ஏற்கெனவே வரி கட்டி வைத்திருக்கிற காவலிடம் கணக்குக் கேட்போம். தெருமுனையிலும் பேங்க் வாசலிலும் பட்டா புத்தகம் வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி ரோந்து வரும் போலீஸ்காரர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். சில இடங்களில் இப்போது போனில் ஸ்கேன் செய்கிறார்கள். உங்கள் தெருவில் அது இருக்கிறதா? கடைசிக் கையெழுத்து என்றைக்கு? கவுன்சிலரும் வார்டு மக்களும் கூடிப் பேசுகிற வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. போலீசை உத்தரவு போட்டு வரவழைக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை, ஆனால் அழைப்பதை யாரும் தடுக்கவில்லை. கவுன்சிலரிடம் சொல்லி, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரை எழுத்து மூலம் கூப்பிடுங்கள். செல்லூர்க்காரர்களையும் வில்லாபுரத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கூப்பிடுங்கள். பட்டா புத்தகத்தையும் கையோடு கொண்டுவரச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.