டயர் கடை ஈயத்துல தூண்டில் குண்டு வார்க்கலாமா? சந்தேகத்துக்கு விளக்கம்

மஸ்கெலியாவில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: “டயர் கடையில பழைய வீல் வெயிட் (சில்லு ஆடாம இருக்க ரிம்முல போடுற சின்னக் கட்டி) வாங்கி உருக்கித்தான் குண்டு வார்க்கிறேன். குண்டு மேல வரிவரியா சுருக்கம் விழுது. சின்னக் குண்டைத் தங்கூசியில வச்சு பல்லால கடிச்சா வெடிச்சிருது. பேட்டரி ஈயம் கலந்தா சரியாகுமா?”

முதல்ல பல்லால கடிக்கிறத நிப்பாட்டுங்க தம்பி. குறடு எதுக்கு இருக்கு?

பேட்டரியைத் தொடவே வேணாம். உள்ளுக்கு இருக்கிறது சல்பூரிக் அமிலம். அந்தத் தகட்டுல கல்சியம், ஆர்சனிக் எல்லாம் கலந்திருக்கலாம். அதை உருக்கி எடுத்த கசடுல ஈரம் பட்டா ஆர்சைன்னு ஒரு நச்சு வாயு வரலாம். வீட்டுல செய்யிற வேலை இல்ல அது.

வெடிக்கிறதுக்குக் காரணம் ஈயத்தோட கலந்திருக்கிற ஆன்டிமனிங்கிற உலோகம். ரிம்முல கொளுவுற வெயிட்டுல நூற்றுக்கு 2 இல இருந்து 4 பங்கு வரைக்கும் அது இருக்கும். ஈயத்தை இறுக்கமாக்கும், ஆனா மடிச்சா பிளக்கும். ரிம்முல ஒட்டுற பட்டி வெயிட், ஈயத்துல செஞ்சதா இருந்தா, கிட்டத்தட்ட சுத்த ஈயம். அதனால ரெண்டையும் ஒரே சட்டியில போடாதீங்க. குறடால இறுக்குற சின்னக் குண்டுக்கு ஒட்டுற ஈயம். அடியில கல்லுல இழுபடுற பெரிய குண்டுக்குக் கொளுவுற ஈயம், அதுக்கு இறுக்கம் நல்லதுதான்.

இப்ப வாற வெயிட்டுல பலது இரும்பு, நாகம் (துத்தநாகம்). நாகம் கலந்தா முழுச் சட்டியும் கஞ்சி மாதிரி கட்டிகட்டியா ஆகி, அச்சு நிரம்பாது. குறடால வெட்டிப் பாருங்க: ஈயத்துல வாய் பதியும், நாகத்துல வழுக்கும். தரையில போட்டா ஈயம் ‘தொப்’புன்னு விழும், நாகம் ‘டிங்’குன்னு சத்தம் போடும். தப்பி ஒண்ணு விழுந்தாலும் பயமில்ல. ஈயம் 327 பாகை செல்சியஸில உருகும், நாகத்துக்கு 419 வேணும். 360 தாண்டாம வச்சிருந்தா நாகமும் இரும்புக் கொக்கியும் மேல மிதக்கும், கரண்டியால அள்ளிருங்க. இதுக்குத்தான் வெப்பமானி வேணும்ங்கிறது. மிலாறு விறகு அடுப்புல சூட்டைப் பிடிச்சு வைக்க ஏலாது, கேஸ் அடுப்பு நல்லம்.

சுருக்கம் விழுறது பெரும்பாலும் அச்சு குளிர்ந்திருக்கிறதால, இல்லாட்டி உள்ளுக்கு எண்ணெய் இருக்கிறதால. அச்சைக் கழுவிக் காய வச்சு, சட்டி விளிம்புல வச்சு சூடாக்குங்க. முதல் பத்துக் குண்டு எப்படியும் கழிவுதான், திரும்ப சட்டியில போட்டுருங்க. அப்பவும் மூலை நிரம்பலைன்னா வெள்ளீயம் கொஞ்சம் சேர்க்கணும். ஒரு கிலோ ஈயத்துக்கு 60/40 பற்றுக்கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) 35 கிராம் போட்டா நூற்றுக்கு 2 பங்கு வெள்ளீயம் ஆகும், அதுக்கு மேல காசுதான் வீண். பிறகு கடலையளவு மெழுகுதிரித் துண்டு போட்டுக் கிண்டுங்க. புகையும், தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்க. மேல படிஞ்ச வெள்ளீயம் திரும்ப உள்ள போகும், மிச்ச சாம்பலை அள்ளலாம். குண்டு வெள்ளைப் பனி படிஞ்ச மாதிரி வந்தா சூடு கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை. அது ஈரம். மூடுபனியில கிடந்த ஈயக்கட்டியில, கரண்டியில ஒரு சொட்டுத் தண்ணி இருந்து அது உருகின ஈயத்துக்கு அடியில போனா, 1,700 மடங்கு ஆவியா விரிஞ்சு சட்டியையே முகத்துல அடிக்கும். அதனால புதுக் கட்டியைக் காலியான சட்டியில போட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கணும். இடையில சேர்க்கிறதுன்னா விளிம்புல நல்லா சுட வச்சு மெதுவா இறக்குங்க. மழைத் தூறல்ல இந்த வேலையே வேணாம்.

லயத்துக் குசினியில செய்யாதீங்க, காத்தோட்டமான கொட்டகையில செய்ங்க. சட்டி இரும்புல இருக்கணும், அலுமினியம் வேணாம், அது பிறகு சோத்துப் பக்கம் போகக்கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, மூடின சப்பாத்து போடுங்க. அள்ளின சாம்பல்தான் அதிக நஞ்சு, மூடியுள்ள டின்னுல போட்டு வையுங்க. கானுக்குள்ளயோ மரக்கறிப் பாத்தியிலயோ கொட்டிராதீங்க. வேலை முடிஞ்சதும் சவுக்காரம் போட்டு கை கழுவி, உடுப்பைத் தனியா தோய்ச்ச பிறகுதான் பிள்ளைகளத் தூக்கணும்.